சொக்கநாதர் எழுதிய கடிதம்

பாணபத்திரரின் வறுமை தீரச் சேரமான் பெருமாளுக்குச் சிவபெருமான் திருமுகம் எழுதிய கதையை நாம் அறிவோம். அதே உத்தியைக் கையாண்டு தாது வருடப் பஞ்சத்தைப் பாடிய நூல் ஒன்றுண்டு: வில்லியப்பப் பிள்ளையின் 'பஞ்சலட்சணத் திருமுக விலாசம்'. பசியால் வாடிய மக்கள் மதுரைச் சொக்கநாதரிடம் முறையிடுகிறார்கள். அவரோ சிவகங்கை அரசருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, அங்கே போகச் சொல்கிறார். அங்கத நூல் என்றே வகுப்பில் இதை அறிமுகம் செய்து வந்திருக்கிறோம். ஆனால் அந்த நகைப்புக்கு அடியில் ஓர் அரசியல் கோரிக்கை இருக்கிறது. பசித்தவன் போய்த் தட்டுவதற்கு ஒரு வாசல் வேண்டும். அந்த வாசலுக்குள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் ஒருவர் இருக்க வேண்டும்.

காவல், நீதிமன்றம், படை ஆகிய மூன்றோடு அரசு நின்றுகொள்ள வேண்டும், மற்றவற்றைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்று வாதிடும் நண்பர்களிடம் நாம் முதலில் நினைவூட்ட விரும்புவது இந்த நூலின் காலத்தைத்தான். ஏனெனில் அக்கொள்கை நம் மண்ணில் ஒருமுறை நடைமுறைப்படுத்தப்பட்டிருக்கிறது.

தானிய வணிகத்தில் அரசு தவறாகத் தலையிடுவதே பற்றாக்குறையைப் பஞ்சமாக்குகிறது என்று 1776இல் ஆடம் ஸ்மித் எழுதினார். அடுத்த நூற்றாண்டில் இந்தியாவை ஆண்ட அதிகாரிகளுக்கு அது வேதவாக்காயிற்று. 1873-74இல் பீகாரில் பஞ்சம் தோன்றியபோது ரிச்சர்ட் டெம்பிள் பர்மாவிலிருந்து அரிசியை வரவழைத்தார். சாவு பெரும்பாலும் தவிர்க்கப்பட்டது. கிடைத்த பரிசு, வீண்செலவு செய்தார் என்ற கண்டனம். 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் அதே டெம்பிளைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பியபோது அவர் பாடம் கற்றுத் திரும்பிய மாணவராக வந்தார். நாள் முழுதும் கடும் உழைப்பு. ஆணுக்குக் கூலி ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும். இது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடிய பின்னரே கூலி சிறிது உயர்ந்தது. சென்னை மாகாண அரசு தானியம் வாங்கி இருப்பு வைக்க முயன்றதையும், தனியார் வணிகத்தில் குறுக்கிடுவதாகக் கருதி மேலிடம் ஏற்கவில்லை.

தானியம் நாட்டில் இல்லாமற் போகவில்லை. பஞ்சக் காலத்திலேயே 3 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. சந்தை பிழை செய்யவில்லை. அதன் இலக்கணப்படியே நடந்தது. அதன் காதில் விழுவது பசியன்று, பசியோடு சேர்ந்து வரும் பணமே. மழை பொய்த்ததால் வேலையிழந்த கூலியாளிடம் பசி மட்டும் இருந்தது. ஆகவே தானியம் விலை கொடுப்பவரை நோக்கிச் சென்றது. பஞ்சம் என்பது உணவின் இன்மையன்று, உணவைப் பெறும் உரிமையின் இன்மை என்று அமர்த்தியா சென் 1981இல் விரிவாக நிறுவியது இதைத்தான். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டார்கள்.

அது உண்மையான சிற்றரசு அன்று, வரி வாங்கிய காலனி அரசு என நண்பர்கள் மறுக்கக்கூடும். சரியான மறுப்பே. ஆனால் அது நம் பக்கத்தையே வலுப்படுத்துகிறது. 1877 புத்தாண்டு நாளில் தில்லி தர்பாருக்கும், 1878இல் ஆப்கானியப் போருக்கும் அவ்வரசிடம் பணம் இருந்தது. அரசு சுருங்கிய இடம் கஞ்சித் தொட்டி ஒன்றே. சுதந்திரச் சந்தை தானே முளைத்ததன்று, அரசு தன் கையால் வளர்த்தெடுத்தது என்று 1944இல் கார்ல் பொலானி எழுதியதை இங்கே பொருத்திப் பார்க்கலாம். அரசு எவ்வளவு சிறியது என்ற கேள்வியைவிட, யாருக்குச் சிறியது என்ற கேள்வியே முக்கியமானது.

எல்லாவற்றையும் அரசிடம் ஒப்படைத்துவிடலாம் என்று நாம் சொல்லவில்லை. 1959-61இல் சீனத்தில் கோடிக்கணக்கானோரைப் பட்டினியில் மாய்த்தது சந்தையன்று, யாருக்கும் பதில் சொல்லாத பேரரசு. லைசென்சுக்காக அலுவலக வாசல்களில் தேய்ந்த செருப்புகளையும் நாம் மறக்கவில்லை. இரு பஞ்சங்களுக்கும் பொதுவானது ஒன்றுண்டு: செத்தவர்களுக்கு ஆண்டவர்களைக் கேள்வி கேட்கும் வழி இருக்கவில்லை.

அந்தச் சாவுகளுக்குப் பிறகே 1880இல் பஞ்சக் கமிஷன் அறிக்கையும், 1883 முதல் பஞ்ச விதித்தொகுப்புகளும் வந்தன. பசித்தவரைக் காப்பது அரசின் கடமை என்று எழுத்தில் ஏறியது. இன்றைய ரேஷன் கடையும் பள்ளிச் சத்துணவும் அந்தக் கடமையின் நீட்சிகளே. அவற்றில் எடைக் குறைவும் ஊழலும் உண்டு, திருத்தத்தான் வேண்டும். ஆனால் 'இலவசம்' என்ற ஒற்றைச் சொல்லால் அவற்றை எள்ளி நகையாடுபவர்கள், சென்னையில் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி பஞ்ச நிவாரண வேலையாகவே வெட்டப்பட்டது என்பதை நினைத்துப் பார்க்கட்டும். அதை வெட்டிய கைகளுக்கு அரை வயிறுதான் கிடைத்தது.

சொக்கநாதரின் கடிதம் இன்னும் நம் கையில் இருக்கிறது. அதை வாங்கிப் பிரிக்க ஒரு முகவரி இருக்கும்வரையே அதற்குப் பொருள் உண்டு.