கான்வென்ட் ரகசியமும் நாப்பது வாரமும்



சேலத்துப் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. "பையன் எங்க படிக்கிறான்?"னு கேட்டு, "ஏற்காட்டுல"ன்னு பதில் வந்தா, கேட்டவர் குரல்ல ஒரு மரியாதை தானா வந்துடும். காரணம் இருக்கு. 1894ல குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர்கள் ஆரம்பிச்ச சேக்ரட் ஹார்ட் அங்கதான். 1917ல கேப்ரியல் சபைச் சகோதரர்கள் ஆரம்பிச்ச மான்ஃபோர்ட்டும் அங்கதான். சசி தரூர் ஆறு வயசுல, 1962ல, மான்ஃபோர்ட்ல படிச்சிருக்கார். கிரிக்கெட் ரோஜர் பின்னியும் அந்த ஸ்கூல்தான். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் பிள்ளையை விட்டுட்டு வர்ற அளவுக்கு அப்படி என்ன இருக்கு அங்க?

யாரைக் கேட்டாலும் ஒரே பதில். "இங்கிலீஷ்ங்க!"

எனக்கு அதுல உடன்பாடு இல்லை. ஏன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

அதே மலையில இன்னொரு விதமான கத்தோலிக்கப் பள்ளிக்கூடமும் இருக்கு. நம்ம ஊர்ல "ஆர்.சி. ஸ்கூல்"னு சொல்லுவோமே, அது. அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளி, தமிழ் வழி, ஃபீஸ் கிடையாது. வர்றதெல்லாம் தோட்டத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைங்க, தலைச்சோலை மாதிரி மலைக் கிராமத்துப் பிள்ளைங்க. முக்கால்வாசிப் பேர் மலையாளிப் பழங்குடி. (மலையாளின்னதும் கேரளான்னு நினைச்சுடாதீங்க. இவங்க பேசுறது தமிழ். மலையில வாழ்றதால அந்தப் பேர்.) அப்படி ஒரு ஸ்கூல்ல என் பெரியம்மா பொண்ணு டீச்சர். ஒண்ணு, ரெண்டு, மூணு, மூணு வகுப்பும் ஒரே ரூம்ல, அக்கா ஒருத்திதான். நான் பொட்டி தட்டுற ஆளு. எதுக்கெடுத்தாலும் "உங்க பிராசஸ் என்ன?"ன்னு கேட்டே பழகிட்டேன். அக்காகிட்டயும் கேட்டேன்.

"பிராசஸும் இல்லை, ஒண்ணும் இல்லைடா தம்பி. திங்கக்கிழமை ஆரம்பிக்கிறோம், வெள்ளிக்கிழமை முடிக்கிறோம். அவ்வளவுதான்"னா.

யோசிச்சுப் பார்த்தா விஷயமே அதுலதான் இருக்கு.

திங்கள்

பிரேயர், தமிழ்த்தாய் வாழ்த்து, ஒரு குறள், வருகைப் பதிவு. அதுக்கப்புறம் அக்கா புதுப் பாடம் எதையும் தொடுறதில்லை. போன வாரம் படிச்சதுல எது மறந்துபோச்சுன்னு பார்க்கிறதுதான் திங்கக்கிழமை வேலை. மனுஷன் எவ்வளவு சீக்கிரம் மறக்கிறான்னு ஹெர்மன் எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர் தன்மேலயே சோதனை பண்ணி 1885ல புத்தகமா போட்டார். படிச்ச கொஞ்ச நேரத்துல மடமடன்னு மறதி இறங்கும், அப்புறம் மெதுவாகும், திரும்பத் திரும்பப் படிச்சா நிக்கும். அக்கா எபிங்ஹாஸைப் படிச்சதில்லை. ஆனா ரெண்டு நாள் லீவுக்கப்புறம் ஒண்ணாம் வகுப்புக்கு "கு"வும் "கூ"வும் ஒண்ணாத் தெரியும்னு அவளுக்குத் தெரியும்.

செவ்வாய்

புதுப் பாடம். பத்து பத்தா கட்டி எண்ணுறதுக்கு நம்ம காலத்துல தீக்குச்சி, புளியங்கொட்டை. இங்க காப்பிக் கொட்டை. பத்து கொட்டையை ஒரு சின்ன டப்பாவுல போட்டா அது ஒரு பத்து, வெளிய கிடக்கிறது ஒன்றுகள். "முப்பத்தி நாலு எங்க?"ன்னா மூணு டப்பாவும் நாலு கொட்டையும் வரணும். ஒண்ணாம் வகுப்பு கொட்டையை எண்ணும், ரெண்டாம் வகுப்பு டப்பாவை எண்ணும், மூணாம் வகுப்பு அதையே நோட்டுல கூட்டலாப் போடும். ஒரே கொட்டையில மூணு வகுப்பு! வீட்டு வாசல்ல காயுற காப்பிக் கொட்டையும், சில்வர் ஓக் மரத்துல ஏறுற மிளகுக் கொடியும் அந்தப் பிள்ளைங்களுக்குப் பழகுன பொருள். கணக்கு மட்டும்தான் புதுசு.

புதன்

சொல்வதை எழுதுதல். டீச்சர் ஒரு சொல் சொல்லணும், பிள்ளை கேட்டு எழுதணும். ரொம்பப் பழைய முறைதான். ஆனா காதுல விழுந்த ஒலியை எழுத்தா மாத்துறதை விட ஒண்ணாம் வகுப்புல பெரிய வேலை வேற என்ன இருக்கு? தாய்மொழியா இருந்தா பாதி வேலை முன்னாடியே முடிஞ்சிருக்கும். சொல் தெரியும், அர்த்தம் தெரியும், எழுத்து மட்டும் பாக்கி. தெரியாத மொழின்னா மூணையும் ஒரே நேரத்துல தூக்கணும்.

இங்க ஒரு சரித்திரம். கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளி முறைக்கு ஒரு பெரிய அடித்தளம் போட்டவர், பிரான்ஸ் நாட்டு ரீம்ஸ் நகரத்துக்காரர், ழான் பாப்டிஸ்ட் டி லா சால் (1651-1719). ஏழைப் பிள்ளைங்களுக்கு இலவசப் பள்ளி நடத்தினவர். அந்தக் காலத்துல அங்க பிள்ளைங்களுக்கு முதல்ல லத்தீன்ல வாசிக்கச் சொல்லிக் கொடுக்கிறதுதான் வழக்கம். லத்தீன்தான் அன்னிக்கு கௌரவம், நம்ம ஊரு இங்கிலீஷ் மாதிரி. லா சால் அதை மாத்தி, பிரெஞ்சுல ஆரம்பிச்சார். அவர் சொன்ன காரணம்தான் முக்கியம். ஏழைப் பிள்ளை பள்ளிக்கூடத்துல இருக்கிற காலமே கொஞ்சம். லத்தீன்ல ஆரம்பிச்சா, வேலைக்குப் போற வயசுல அதுக்கு லத்தீனும் வந்திருக்காது, பிரெஞ்சும் வந்திருக்காது.

ஆக, "கான்வென்ட்னா இங்கிலீஷ்"னு நாம நினைச்சுக்கிட்டிருக்கோம். அந்த மரபோட முக்கியமான ஆள் முன்னூறு வருஷத்துக்கு முன்னாடியே தாய்மொழிப் பக்கம் நின்னவர். இது எப்டி இருக்கு? :-)

வியாழன்

இது கொஞ்சம் சூடான ஏரியா. கத்தோலிக்கப் பிள்ளைங்களுக்கு ஞானோபதேச வகுப்பு, மத்தவங்களுக்கு நீதிபோதனை. "மதம் மாத்துறாங்க"ன்னு ஒரு கூட்டம், "அதெல்லாம் கேள்வியே கேட்கக் கூடாது"ன்னு இன்னொரு கூட்டம் பின்னூட்டத்துக்கு வரும்னு தெரியும். சட்டம் தெளிவா இருக்கு. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ வாங்குற பள்ளியில, சம்மதம் இல்லாம யாரையும் மதபோதனைக்கோ வழிபாட்டுக்கோ உட்கார வைக்கக் கூடாது. சின்னப் பிள்ளைன்னா பெத்தவங்க சம்மதம் வேணும். அரசியல் சட்டம் 28(3). கையெழுத்துப் போடத் தெரியாத அப்பா அம்மாகிட்டயும் உட்கார்ந்து விளக்கிச் சொல்லிட்டுத்தான் இதைச் செய்யணும்ங்கிறது என் கருத்து.

ஆனா நீதிபோதனை வகுப்பைப் பத்தி அக்கா சொன்ன இன்னொரு விஷயத்தை யாரும் பேசுறதில்லை. "வாரத்துலயே பிள்ளைங்க அதிகமா வாயைத் திறக்கிறது அந்த முக்கா மணி நேரம்தான்டா. பரீட்சை கிடையாது, தப்பு கிடையாது. கதை சொல்லிட்டு நீ என்ன பண்ணியிருப்பன்னு கேட்டா, ஆளாளுக்குப் பேசும்"னா. மத்த வகுப்புல கேட்கிறது, எழுதுறது. இங்க மட்டும்தான் பேச்சு. அப்போ அதுல இருக்கிற நல்ல விஷயம் பேச்சுதானே? அதை ஏன் வாரத்துக்கு ஒரு நாளோட நிறுத்தணும்?

வெள்ளி

வாரத் தேர்வு. பேரைக் கேட்டதுமே நமக்கு வயித்தைக் கலக்கும். ஆனா இது மார்க்குக்கு இல்லை. சிலேட்டுல பத்து சொல், அஞ்சு கணக்கு. யாருக்கு எது வரலைன்னு அக்கா ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்குவா. திங்கக்கிழமை பாடம் அந்த நோட்டுல இருந்துதான் ஆரம்பிக்கும்.

இதுக்கும் ஒரு ஆராய்ச்சி இருக்கு. 2006ல ரோடிகர், கார்பிக்னு ரெண்டு அமெரிக்க உளவியல்காரங்க கல்லூரிப் பசங்களை வெச்சுப் பண்ணினது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படிச்சவங்க ஒரு பக்கம், படிச்சுட்டு நினைவுல இருந்து எழுதிப் பார்த்தவங்க இன்னொரு பக்கம். அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டா திரும்பப் படிச்சவங்க முன்னாடி. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா எழுதிப் பார்த்தவங்க முன்னாடி. கவனிங்க, ஒரு வாரம்!

இப்போ சொல்லுங்க, இந்த அஞ்சு நாள்ல இங்கிலீஷ் எங்க வந்துச்சு? பாடமா இருக்கு, இருக்கவும் வேணும். இங்கிலீஷ்ல கோடு எழுதிச் சம்பாதிக்கிற நான் இங்கிலீஷ் வேண்டாம்னு சொன்னா அது அயோக்கியத்தனம். ஆனா பிள்ளையைப் படிக்க வைக்கிறது அந்தத் திங்கள்-வெள்ளிச் சக்கரம். பெரிய போர்டிங் ஸ்கூலுக்கும் இந்த ஓட்டுக் கட்டடத்துக்கும் பொதுவா இருக்கிறதும் அதுதான். என்ன வித்தியாசம்னா, போர்டிங் ஸ்கூல்ல பிள்ளை அங்கயே தூங்கி அங்கயே எழுந்திரிக்கிறதால சக்கரம் ஒரு வாரம் கூட அறுந்து போகாது. நாம காசு கொடுத்து வாங்குறது அந்த அறுபடாத வாரங்களைத்தான். இங்கிலீஷை வாங்கினதா நினைச்சுக்கிறோம்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போமா? கல்வி உரிமைச் சட்டம் 2009 படி ஒண்ணு முதல் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் வருஷத்துக்குக் குறைஞ்சது 200 வேலை நாள், 800 மணி நேரம். நாளைக்கு 4 மணி நேரம், வாரத்துக்கு 20. மொத்தம் 40 வாரம். ஒரு வாரம் போனா வருஷத்துல நாப்பதுல ஒரு பங்கு காலி.

மலையில எந்த வாரம் போகும்? காப்பிப் பழம் பறிக்கிற காலம் நவம்பர்ல ஆரம்பிச்சு ஜனவரி, பிப்ரவரி வரைக்கும் போகும். வீட்டுல எல்லாரும் தோட்டத்துல. பெரிய பிள்ளை தம்பி பாப்பாவைப் பார்த்துக்க நின்னுடும், இல்லைன்னா கூடவே போயிடும். மழைக்கு விடுற லீவு தனி. நாலு வாரம் வரலைன்னா 80 மணி நேரம். பத்துல ஒரு பங்கு. அது திரும்பி வரும்போது வகுப்பு எங்கயோ போயிருக்கும். "மக்கு"ன்னு பேர் வரும். அப்புறம் நின்னுடும். அக்கா வகுப்புல வருஷா வருஷம் ஒண்ணு ரெண்டு இப்படித்தான் கழண்டுக்குதாம். மக்குங்கிறதெல்லாம் சும்மா, நாலு வாரம் காணாமப் போச்சு, அவ்வளவுதான்.

பெரிய ஃபைல் டவுன்லோட் பண்ணும்போது பாதியில நெட் போயிட்டா என்ன பண்ணுவோம்? விட்ட இடத்துல இருந்து தொடர்ற வசதி இருந்தா தப்பிச்சோம். இல்லைன்னா மறுபடி முதல்ல இருந்து. நாலு தடவை அப்படி ஆனா, "போடா"ன்னு விட்டுடுவோம். பிள்ளையும் அதைத்தான் பண்ணுது. அக்காவோட அந்த வெள்ளிக்கிழமை நோட்டுதான் விட்ட இடத்தைக் காட்டுற வசதி. லா சால் சபையோட பள்ளி நடத்தும் கையேட்டுல (1720ல அச்சானது) வராத பிள்ளைங்களைப் பத்தித் தனி அத்தியாயமே இருக்கு. முன்னூறு வருஷமா இதே பிரச்சினைதான் போல.

சரி, என்னதான் பண்ணச் சொல்றே? மூணே விஷயம்.

1. இருக்கிற தமிழ் வழி ஆர்.சி. ஸ்கூலை, "பெத்தவங்க கேட்கிறாங்க"ன்னு அவசரமா இங்கிலீஷ் மீடியமா மாத்தாதீங்க. முதல் மூணு வருஷமாவது பிள்ளைக்குத் தெரிஞ்ச மொழியில எழுத்தும் எண்ணும் வரட்டும். இங்கிலீஷை நல்ல டீச்சர் வெச்சு நல்ல பாடமா நடத்துங்க.

2. பறிப்பு சீசன்ல விட்டுப்போன பிள்ளைக்குன்னு பிப்ரவரி, மார்ச்ல தனியா நேரம் ஒதுக்குங்க. ஒருத்தி மூணு வகுப்பைக் கட்டிக்கிட்டு அழற ரூம்ல இது நடக்காது. இன்னொரு ஆள் வேணும்.

3. பிள்ளையை வர வைக்கிற எதையும் செலவுன்னு பார்க்காதீங்க. காலை உணவுத் திட்டம் 2024 ஜூலை 15ல கிராமப்புற அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்துச்சு. தொடங்கி வெச்ச இடமே திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரி புனித அன்னாள் பள்ளி, ஒரு ஆர்.சி. ஸ்கூல். ஒரு கரண்டி உப்புமாவால ஒரு பிள்ளை வருஷத்துக்கு ரெண்டு வாரம் கூட வந்தா, 40 மணி நேரம் லாபம். எந்த டியூஷன் இந்த விலைக்குக் கிடைக்கும்?

அடுத்த தடவை ஏற்காடு போனா ஏரி, லேடீஸ் சீட், சேர்வராயன் கோயில் எல்லாம் பாருங்க, வேண்டாங்கலை. வழியில ஓட்டுக் கூரை போட்ட ஒரு சின்ன ஸ்கூல் கண்ணுல பட்டா, "இங்க ரெண்டாவது டீச்சர் இருக்காங்களா?"ன்னு மட்டும் விசாரிச்சுட்டு வாங்க.

டிஸ்கி: சக பதிவர்கள்ல ஆர்.சி. ஸ்கூல்ல படிச்சவங்க கை தூக்குங்க. உங்க வெள்ளிக்கிழமை எப்படி இருந்துச்சுன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. "தாய்மொழின்னு எழுதுறியே, உன் பிள்ளையை எங்க சேர்ப்பே?"ன்னு கேட்க வர்றவங்களுக்கு: முதல்ல பொண்ணு பார்த்துக் கொடுங்க சாமி, அப்புறம் பேசுவோம் ;-)