ஏசி காற்று சரியாக வரவில்லையா? கேஸ் ஏற்றும் முன் இதைப் பாருங்கள்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்கு மீன் வாங்கக் கிளம்பும் குடும்பங்கள் அநேகம். கார் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடியதாக இருந்தால், திருப்பாலைவனம் தாண்டுவதற்குள் ஒரு பேச்சு வந்துவிடும். "ஏம்ப்பா, ஏசி போட்டிருக்கியா இல்லையா?" என்று பின்சீட்டிலிருந்து அம்மா கேட்பார். ஃபேனை நான்காம் நம்பரில் வைத்தாலும் சத்தம்தான் கூடும், காற்று கூடாது. "கேஸ் இறங்கியிருக்கும்மா, ஏத்திடலாம்" என்பார் மகன்.

பணம் வீணாவது பல நேரம் இந்த இடத்தில்தான்.

ஏசி கேஸ், பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். எங்காவது கசிந்தால்தான் குறையும். அப்படிக் குறைந்தால் காற்று பலமாக வரும், குளிர்ச்சி மட்டும் இருக்காது. காற்று சில்லென்றுதான் இருக்கிறது, வேகம்தான் இல்லை என்றால் கதை வேறு. முதலில் பார்க்க வேண்டியது கேபின் ஏர் ஃபில்டரை.

சர்வீஸ் பில்லில் 'ஏர் ஃபில்டர்' என்று இருப்பதைப் பார்த்து, அதுதான் மாற்றியாகிவிட்டதே என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அது இன்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்டுவது. கேபின் ஃபில்டர் நாம் சுவாசிக்கும் காற்றுக்கானது. விசிறி மடிப்பு மடித்த காகிதம் போல இருக்கும். வைப்பருக்குக் கீழே இருக்கும் துவாரங்கள் வழியாக நுழையும் வெளிக்காற்று இதில் வடிகட்டப்பட்டுத்தான் உள்ளே வரும். பல கார்களில் உள்ளேயே சுற்றும் காற்றும் இதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

பொதுவாக 10,000 முதல் 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அல்லது வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். தூசி அதிகமுள்ள ஊரென்றால் இன்னும் சீக்கிரம். பொன்னேரிக்காரர்கள் இந்த இரண்டாவது வரியைத்தான் தங்களுக்கானதாக எடுத்துக்கொள்ள வேண்டும். தெற்கே மீஞ்சூர், அத்திப்பட்டு பக்கம் போனால் அனல்மின் நிலையங்களும், எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்கு வரிசைகட்டும் லாரிகளும். கிழக்கே ஏரிக்கரைக் குப்பங்களுக்குப் போனால் கடல்மணலும் உப்புக்காற்றும். போதாததற்கு, வண்டியை நிழலுக்காக வேப்பமரத்தடியில் நிறுத்துகிறோம். சருகும் பூவும் வைப்பர் அடியில் விழுந்து உள்ளே போகின்றன. மீன் வாடைக்கு எலி வந்து ஃபில்டரைக் கடித்துக் கூடு கட்டுவதும் நடக்கும்.

இன்னொரு சிக்கல், ஃபில்டரே இல்லாமல் இருப்பது. மாருதி 800, ஆம்னி போன்ற வண்டிகளில் இந்த ஏற்பாடே கிடையாது. அதற்குப் பின் வந்த சில மாடல்களில் ஃபில்டருக்கான இடம் இருக்கும், ஆனால் குறைந்த விலை வேரியன்ட்டில் அது காலியாகவே கம்பெனியிலிருந்து வந்திருக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கியவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. ஃபில்டர் இல்லாவிட்டால் தூசி நேராகப் போய், ஈரமாக இருக்கும் கூலிங் காயிலில் சேறு மாதிரி அப்பிக்கொள்ளும். ஏசி போட்டதும் ஈரத்துணி நாற்றம் அடிப்பது பெரும்பாலும் இதனால்தான். அந்தக் காயிலை முழுதாகச் சுத்தம் செய்யப் பல கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும். சில நூறு ரூபாய் ஃபில்டர் எங்கே, அந்தச் செலவு எங்கே!

மாற்றுவதற்கு மெக்கானிக் தேவையில்லை. பழைய ஐ10, ஹோண்டா சிட்டி உட்படப் பல கார்களில் ஃபில்டர் இருப்பது க்ளோவ் பாக்ஸுக்குப் பின்னால். இன்ஜினை நிறுத்திவிட்டு, க்ளோவ் பாக்ஸில் உள்ள சாமான்களை எடுத்துவிடுங்கள். பக்கவாட்டில் சின்னக் கம்பியோ கயிறோ இருந்தால் அதை முதலில் விடுவியுங்கள். பிறகு பெட்டியின் இரண்டு பக்கத்தையும் உள்பக்கமாக அழுத்தினால் அது முழுதாகக் கீழே இறங்கும். பின்னால் நீளவாக்கில் ஒரு பிளாஸ்டிக் மூடி தெரியும். பழைய வண்டியில் அதன் கிளிப்புகள் வெயிலில் காய்ந்து மொறுமொறுவென்று இருக்கும், முரட்டுத்தனமாக இழுத்தால் உடைந்துவிடும். மூடியை எடுத்து ஃபில்டரை மெதுவாக உருவுங்கள். கீழே ஒரு பழைய நியூஸ்பேப்பரை விரித்துக்கொண்டால் வீட்டில் திட்டு விழாது.

உருவும்போதே அதன் ஓரத்தில் உள்ள அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று போனில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். அது காற்று போகும் திசை. புது ஃபில்டரும் அதே திசையில்தான் உட்கார வேண்டும். பழையதைத் தட்டிவிட்டுத் திரும்பப் போடுவது, தண்ணீரில் கழுவுவது, காற்றடித்துச் சுத்தம் செய்வது எல்லாம் வேண்டாத சிக்கனம். காகித இழை கிழிந்தால் நுண்தூசி தாராளமாக உள்ளே வரும். வீட்டில் வீசிங் உள்ளவர் இருந்தால் இதில் விளையாடவே கூடாது.

கடையில் சாதாரண ஃபில்டர், கரி கலந்த ஃபில்டர் என இரண்டு வகை கிடைக்கும். கருவாட்டுக்கூடையும் இறாலும் ஏறும் வண்டிக்குக் கரி ஃபில்டர் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கத் தகுந்ததுதான். ஆனால், டிக்கியில் ஐஸ் தண்ணீர் கொட்டிய நாற்றத்தை எந்த ஃபில்டராலும் போக்க முடியாது. அதற்கு மேட்டை எடுத்து வெயிலில்தான் போட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. புது ஃபில்டர் போட்ட பிறகும் காருக்குள் சைலன்சர் புகை வாடை வந்தால், அதை ஃபில்டர் பிரச்னை என்று நினைத்துவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடை இந்த ஃபில்டர் எதுவும் தடுக்காது. அந்த வாயுவுக்கு மணமும் கிடையாது, உயிரை எடுத்துவிடும். பழைய வண்டியில் சைலன்சர் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுவது, அதிலும் கடலோரத்தில், சகஜம். ஜன்னலைத் திறந்துகொண்டு நேராக மெக்கானிக்கிடம் போய்விடுங்கள்.

மற்றபடி, ஃபில்டரை உள்ளே தள்ளும் முன் அதன் ஓரத்தில் பேனாவால் அன்றைய தேதியையும் ஓடியிருக்கும் கிலோமீட்டரையும் எழுதிவிடுங்கள். அடுத்த முறை யார் திறந்தாலும் தெரியும்.