மாத்திரை மீது விழும் பழி

கருத்தடை மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்கினால் பின்னர் கரு தங்காது என்பது பரவலான வாதம். நிறுத்தியபின் தாமதிக்கும் கர்ப்பமே அதற்குச் சான்றாம். மூன்று காரணங்களால் இந்த வாதம் நிற்காது.

ஒன்று: மாத்திரை சினைமுட்டை வெளியேறுவதைத் தடுக்கிறது. அதன் ஹார்மோன்கள் சில நாட்களில் உடலை விட்டு நீங்கிவிடும். அதனால்தான் அன்றாடம் விழுங்க வேண்டியிருக்கிறது. உடலில் தேங்காதது பத்தாண்டு கழித்து எப்படிக் கெடுக்கும்?

இரண்டு: 2009இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், மாத்திரையை நிறுத்திக் குழந்தைக்கு முயன்றவர்களில் 79.4 சதவீதத்தினர் ஓராண்டுக்குள் கருவுற்றனர். நெடுநாள் பயன்பாடு குறுக்கே நிற்கவில்லை.

மூன்று: 25 வயதில் தொடங்கி 35இல் நிறுத்தியவருக்குப் பத்து வயது கூடியிருக்கிறது. அதை ஏன் யாரும் கணக்கில் எடுப்பதில்லை? முன்பே இருந்த சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறையும் மாத்திரை தந்த ஒழுங்கான உதிரப்போக்கு மறைத்திருக்கும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசிக்குப் பின் கருத்தரிப்பு பல மாதங்கள் தள்ளிப்போவது உண்மை. அந்தக் குணத்தை மாத்திரைமேல் ஏற்றுவது பிழை.