பிள்ளை வயிற்றில் மௌத்தானால் தாயை விசாரிக்காதீர்கள், நச்சுக்கொடியைப் பரிசோதியுங்கள்

வயிற்றிலிருக்கும் பிள்ளை மௌத்தாகிவிட்டால் எமது ஊர்களில் விசாரணை தாயிடமிருந்துதான் தொடங்குகிறது. மக்ரிபுக்குப் பிறகு வெளியே போனாளா, பாரம் தூக்கினாளா, யாருடைய கண்ணூறு பட்டது, கொரோனா ஊசியை எதற்குப் போட்டாள் என்று ஆளுக்கொரு கேள்வி. அந்தப் பெண்ணுக்குப் பால் சுரந்துகொண்டிருக்கும், குடிக்கப் பிள்ளை இருக்காது. அந்த நேரத்தில்தான் இவ்வளவும் கேட்கிறோம்.

கொரோனாக் காலத்தில் பிள்ளையை இழந்து, "நான்தான் ஏதோ பிழை விட்டுட்டேன்" என்று இன்றும் மனதுக்குள் வெந்துகொண்டிருக்கும் தாய்மார் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்காகவும், அவர்களை அப்படி நினைக்க வைத்தவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறோம்.

நச்சுக்கொடி என்று வீட்டில் சொல்வதைத்தான் பாடப்புத்தகம் சூல்வித்தகம் என்கிறது. போசணையும் ஒட்சிசனும் கொடுக்கும், கழிவை அகற்றும், ஓமோன் சுரக்கும் என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அது என்னவென்று ஒருமுறை நிதானமாக யோசித்துப் பாருங்கள். பிரசவ நேரத்தில் ஏறத்தாழ அரைக் கிலோ எடையுள்ள ஓர் உறுப்பு. பிள்ளையின் நுரையீரல், சிறுநீரகம், குடல் ஆகிய மூன்றின் வேலையையும் ஒன்பது மாதம் தனியாகச் செய்கிறது. அதனுள்ளே ஆயிரக்கணக்கான சடைமுளைகள் தாயின் குருதியில் தோய்ந்தபடி இருக்கின்றன. இரண்டு குருதியும் கலப்பதில்லை. இடையிலுள்ள மெல்லிய கலப்படையினூடாகத்தான் பிள்ளைக்கு ஒட்சிசன் போகிறது.

பெரும்பாலான கர்ப்பிணிகளில் கொரோனா வைரசு இந்தப் படையைத் தாண்டுவதில்லை. அதனால்தான் தொற்று வந்த தாய்மாரில் மிகப் பெரும்பாலானோர் சுகமான பிள்ளைகளைப் பெற்றார்கள். இதை முதலில் சொல்லிவிட வேண்டும், யாரையும் பயங்காட்டுவது எமது நோக்கமல்ல. ஆனால் சிலரில் வைரசு சூல்வித்தகத்துக்குள்ளேயே குடியேறிவிடுகிறது. அப்போது மூன்று விடயங்கள் ஒன்றாக நடக்கின்றன. சடைமுளைகளைப் போர்த்தியிருக்கும் கலங்கள் இறக்கின்றன. தாயின் வெண்குழியங்கள் சடைமுளைகளுக்கு இடையிலுள்ள வெளியில் வந்து குவிகின்றன. குருதி உறையும்போது உண்டாகும் பைபிரின் அந்த வெளியை அடைத்துவிடுகிறது. தாய்க்கு வெறும் தடிமனும் காய்ச்சலுமாக இருக்கலாம், ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம். உள்ளே பிள்ளைக்கு மூச்சு நின்றுகொண்டிருக்கும்.

2021ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் அயர்லாந்தில், தொற்று வந்த சில தாய்மாரின் பிள்ளைகள் வயிற்றிலேயே அடுத்தடுத்து இறந்தபோது வைத்தியர்கள் சூல்வித்தகங்களை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் இதே சேதம்தான் இருந்தது. அடுத்த ஆண்டு 12 நாடுகளிலிருந்து திரட்டிய 68 மரணங்களைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. 64 பிள்ளைகள் வயிற்றிலேயே இறந்தவை, 4 பிள்ளைகள் பிறந்த பின் இறந்தவை. அந்தச் சூல்வித்தகங்களில் சராசரியாக 77.7 சதவீதம் சேதமாகியிருந்தது. நாலில் மூன்று பங்குக்கும் மேல்! பிள்ளையை வைரசு நேரடியாகத் தாக்கிக் கொல்லவில்லை. பிள்ளைக்கு ஒட்சிசன் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அமெரிக்காவில் 2020 மார்ச் முதல் 2021 செப்டெம்பர் வரை நடந்த பன்னிரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பிரசவங்களைப் பார்த்தபோது, தொற்று இல்லாத தாய்மாரில் 0.64 சதவீதமும், தொற்றுள்ள தாய்மாரில் 1.26 சதவீதமும் சாப்பிள்ளைப் பிறப்புகளாக இருந்தன. டெல்டா பரவிய மாதங்களில் தொற்றுள்ளவர்களில் அது 2.70 சதவீதமாக ஏறியது.

இதில் பாரம் தூக்கியது எங்கே? கண்ணூறு எங்கே?

"அப்ப ஊசி?" என்று கேட்பீர்கள். 2020 டிசம்பரில் ஐரோப்பாவில் ஒரு கதை கிளம்பியது. தடுப்பூசியால் உடலில் உண்டாகும் பிறபொருளெதிரிகள், சூல்வித்தகம் உருவாகத் தேவையான சின்சிற்றின் என்ற புரதத்தையும் தாக்கும், பெண்கள் மலடாவார்கள் என்பதுதான் அது. எமது வட்சப் குழுமங்களுக்கும் அதே கதை வேறு வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு வந்தது. கொஞ்சம் யோசித்தாலே அது நிற்காது. அதே வகைப் பிறபொருளெதிரி நோய் வந்தவர்களுக்கும் உண்டாகிறது. கதை உண்மையென்றால் நோய் வந்து சுகமான பெண்கள் எல்லோரும் மலடாகியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. மேலே சொன்ன 68 தாய்மாரில் ஒருவர்கூடத் தடுப்பூசி போட்டவரில்லை. சூல்வித்தகத்தை அழித்தது ஊசியல்ல, நோய். ஆனால் இதையும் தாயின் குற்றமாக்கிவிடாதீர்கள். எமது நாட்டில் கர்ப்பிணிகளுக்கு ஊசி ஏற்றத் தொடங்கியதே 2021 ஜூனில்தான்.

மலடாக்கும் வதந்தி என்ன செய்யும் என்பதை எம்மைவிட நன்றாக அறிந்த சமூகம் இந்த நாட்டில் இல்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் சாப்பாட்டுக்குள் கருத்தடை மாத்திரை போட்டார்கள் என்று கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாக்கட்டி என்று தெரியவந்தது. அந்த மாக்கட்டியால் நாம் பட்டதை மறக்கவில்லை. அதே வகை மாக்கட்டியை எமது குழுமங்களில் நாமே உருட்டலாமா?

அதேவேளை இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எமது மக்கள் வைத்தியசாலைக்குப் போகப் பயந்தது அறியாமையால் மட்டுமல்ல. 2020 ஏப்ரலிலிருந்து 2021 பெப்ரவரி இறுதி வரை எமது ஜனாஸாக்களை எரித்தார்கள். பிறந்து இருபது நாளேயான பிள்ளையையும் பெற்றோரின் சம்மதமில்லாமல் எரித்தார்கள். கொரோனா என்று தெரிந்தால் பிள்ளையின் மையித்தும் கிடைக்காது என்று பயந்த வீட்டில், கர்ப்பிணிக்குக் காய்ச்சல் வந்தால் யார் வெளியே சொல்வார்கள்? அந்தப் பயத்தை உண்டாக்கியவர்கள் அதற்குப் பொறுப்பு. ஆனால் அந்தச் சட்டம் போய்விட்டது. பயம் மட்டும் மிஞ்சி, எமது பெண்களை இன்னும் வைத்தியசாலை வாசலில் தயங்க வைக்கக் கூடாது.

ஆகவே மூன்று விடயங்களைக் கேட்கிறோம்.

முதலாவது, கர்ப்பிணிக்குக் காய்ச்சலோ சளியோ வந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் மறைக்காதீர்கள். பிள்ளையின் அசைவு குறைந்ததாகத் தாய் சொன்னால் "விடியட்டும் பார்ப்பம்" என்று இருத்தி வைக்காதீர்கள். அந்த இரவே கூட்டிக்கொண்டு போங்கள். தாயின் அந்த ஒரு சொல்தான் உள்ளேயிருந்து வரும் ஒரே செய்தி.

இரண்டாவது, பிள்ளை மௌத்தாகிவிட்டால் சூல்வித்தகத்தைப் பரிசோதனைக்கு அனுப்ப முடியுமா என்று வைத்தியரிடம் அன்றே கேளுங்கள். மறுநாள் கேட்டால் அது இருக்காது. பிரேத பரிசோதனை என்றாலே எமது மனம் ஏற்பதில்லை, அது விளங்குகிறது. ஆனால் இது பிள்ளையின் உடலில் கத்தி வைக்கும் பரிசோதனை அல்ல. பிள்ளையைக் குளிப்பாட்டிக் கபனிட்டு அடக்கலாம், ஜனாஸா ஒரு மணித்தியாலமும் தாமதிக்கத் தேவையில்லை. ஆய்வுகூடத்துக்குப் போவது நச்சுக்கொடி மட்டுமே. கொரோனா மட்டுமல்ல, வேறு தொற்று, குருதி உறைவு போன்ற காரணங்களையும் அது காட்டிக்கொடுக்கலாம். அடுத்த பிள்ளையைக் காப்பாற்றும் தகவல் அதில் இருக்கலாம்.

மூன்றாவது, கத்ர் என்ற சொல். நாம் கத்ரை நம்புகிறவர்கள். அந்தச் சொல் தாய்க்கு ஆறுதலாக இருக்கட்டும், காரணத்தைத் தேடாமல் விடுவதற்குச் சாட்டாக வேண்டாம். தாயிடம் குற்றம் தேடும்போது மட்டும் கத்ரை மறந்துவிடுகிறோமே, அது எந்த வகை ஈமான்?

உங்கள் குடும்பத்தில், பக்கத்து வீட்டில், அந்த நாட்களில் பிள்ளையை இழந்த ஒரு பெண் இருந்தால் போய்ச் சொல்லுங்கள்: "உங்கட பிழை ஒன்டும் இல்ல." அவர்களுக்கு அதை இதுவரை யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள்.