பயிற்சியோடு இன்னொரு பட்டமா?

வைத்தியராகக் கனவு காணும் தோழியரே, கணக்கைப் பாருங்கள். மருத்துவபீடத்தில் ஐந்தாண்டு, உள்ளகப் பயிற்சி ஓராண்டு. பிறகு, 1980இல் அமைந்த கொழும்புப் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் எம்.டி.; பல துறைகளுக்கு வெளிநாட்டுப் பயிற்சியும் உண்டு. இதற்கிடையில் மருத்துவத் தகவலியல், நிர்வாகம் என்று இன்னொரு முதுமாணிப் பட்டமும் தேவையா?

வேண்டாம் என்பேன். இரவுக்கடமை முடித்தவரின் மிச்ச நேரம் உறக்கத்துக்குரியது. அதைப் பறித்தால் இழப்பு நோயாளிக்கே. கொத்மலைத் தோட்டத்திலிருந்து ஒருநாள் பேரை இழந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவரும் தாய் தேடுவது விழிப்புள்ள வைத்தியரை. பெயருக்குப் பின்னால் நீளும் எழுத்துக்களை அவள் வாசிப்பதுமில்லை!

சமுதாய மருத்துவம் வேறு. அங்கே முதுமாணி முடித்த பின்புதான் எம்.டி. தோட்டப் பிள்ளைகளின் போசாக்கின்மையை ஆராய அப்படிப்பு வேண்டும். மற்றத் துறையினருக்கு ஆராய்ச்சி ஆர்வமிருந்தால், கடமையிலிருந்து விடுவித்து ஓராண்டு கொடுக்கட்டும்.