டேப் பிடித்து அளந்தது யார்?

கரூர் வேலுசாமிபுரத்தில் 2025 செப்டம்பர் 27ஆம் தேதி இரவு ஒரு கட்சியின் பிரசாரக் கூட்ட நெரிசலில் சிக்கி 41 பேர் இறந்துபோனார்கள். அன்றிலிருந்து டீக்கடை பெஞ்ச் முதல் தொலைக்காட்சி விவாதம் வரை ஒரே பேச்சாக இருக்கிறது: "பெர்மிஷனைக் கடுமையாக்கணும் சார். கேட்டவனுக்கெல்லாம் கூட்டம் போட அனுமதி குடுத்தா இப்படித்தான் ஆகும்." கட்சி வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள், தங்கள் கட்சிக் கூட்டத்தை மட்டும் மனதுக்குள் விலக்கிவைத்துக்கொண்டு சொல்கிறார்கள். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டு வாசல்களைத் திரையில் பார்த்தவர்களுக்கு எதையாவது இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இவர்கள் இறுக்கச் சொல்லும் இடத்தில் பிழை இருக்கிறது.

அனுமதி கடுமையாக இருந்தால் சாவு நேராது என்கிறார்கள். கரூர் கூட்டத்துக்கு முறைப்படி அனுமதி இருந்தது. கட்சி முதலில் கேட்ட இடங்களை மறுத்து, வேறு இடத்தை ஒதுக்கி, நேரம் குறித்துக் கொடுத்ததும் காவல்துறைதான். அதே ஆண்டு ஜூன் 4ஆம் தேதி பெங்களூரு சின்னசாமி மைதானத்தின் வாசல்களில் 11 பேர் இறந்தார்கள். அங்கே முறையான அனுமதியே இல்லை. கிரிக்கெட் வெற்றிக் கொண்டாட்டத்துக்கு வாருங்கள் என்று சமூக ஊடகத்தில் அழைப்புப் போனது, ஊரே திரண்டுவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, 2024 அக்டோபர் 6, மெரினாவில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சி. உச்சி வெயிலில் லட்சக்கணக்கானோர் நின்றார்கள். 5 பேர் வீடு திரும்பவில்லை. அந்தக் கூட்டத்தைக் கூட்டியதே அரசு. அது யாரிடம் போய் அனுமதி கேட்கும்?

ஒருவர் அனுமதி வாங்கினார், ஒருவர் வாங்கவில்லை, ஒருவர் வாங்க வேண்டியதே இல்லை. மூன்று இடத்திலும் பிணம் விழுந்தது. இன்னும் பின்னால் போனால், 1992 பிப்ரவரியில் கும்பகோணம் மகாமகக் குளத்தில் ஏறக்குறைய 50 பேர் இறந்ததும் அரசே முன்னின்று ஏற்பாடு செய்த விழாவில்தான். மாறாக, 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக அதே மெரினாவில் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்த பெருங்கூட்டத்துக்கு எந்த அனுமதியும் கிடையாது. கடைசி நாள் வன்முறையில் முடிந்தது உண்மை. ஆனால் நெரிசலில் ஒருவரும் சாகவில்லை. ஒரு பக்கம் முழுக்கத் திறந்த மணல்வெளி, ஜனவரி மாதக் காற்று, எந்த நேரமும் எழுந்து போகலாம் என்ற நிலை. அனுமதியே வேண்டாம் என்று வாதாட இதைச் சொல்லவில்லை. உயிரைக் காப்பது இடமும் வழியும் நேரமும் தண்ணீரும்தான். நம் அனுமதிக் கடிதங்கள் அவற்றைப் பற்றிப் பேசுவதே அரிது.

ஒரு கடிதத்தைக் கையில் எடுத்துப் படித்துப் பார்த்தால் தெரியும். வரிசையாக எண் போட்டு நிபந்தனைகள் இருக்கும். பட்டாசு வெடிக்கக் கூடாது. போக்குவரத்துக்கு இடையூறு செய்யக் கூடாது. பிற மதத்தினர், சாதியினர் மனம் புண்படப் பேசக் கூடாது. கூம்பு ஒலிபெருக்கி கட்டக் கூடாது. குறித்த நேரத்தில் முடித்துவிட வேண்டும். மீறினால் சட்டப்படி நடவடிக்கை. நான் படித்த சில கடிதங்களில் இல்லாதவை என்னென்ன தெரியுமா? இடத்தின் பரப்பு இல்லை. வெளியேறும் வழி எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை அடி அகலம் என்று இல்லை. ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் நிற்கும், எந்தத் தெரு வழியாக வெளியே வரும் என்று இல்லை. என்ன பேசக் கூடாது என்பதற்கு நான்கு வரி, எப்படி வெளியே போவது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. இந்தக் கடிதத்தை எவ்வளவு கடுமையாக்கினாலும் அதிலிருந்து ஒரு வாசல் முளைக்காது.

அடுத்ததாக வருவது, அதிகாரிகளுக்கு ரொம்பப் பிடித்த வாதம்: "பத்தாயிரம் பேர் என்று எழுதிக் கொடுத்தார்கள், இருபத்தேழாயிரம் பேர் வந்துவிட்டார்கள்." கரூரில் காவல்துறை சொன்ன கணக்கு இதுதான். ஏற்பாட்டாளர்கள் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டுவது ஊரறிந்த வழக்கம், அதை மறுப்பதற்கில்லை. பெரிய எண் போட்டால் விண்ணப்பம் மேலதிகாரிக்குப் போகும், கூடுதலாக இரண்டு தடையில்லாச் சான்று கேட்பார்கள், இழுத்தடிக்கும். அதனால் மேடை போடுகிறவர் முதல் மனு எழுதிக் கொடுப்பவர் வரை சின்ன எண்ணையே போடச் சொல்வார்கள். அந்த எண் பொய் என்பது வாங்குகிறவருக்கும் தெரியும், கொடுக்கிறவருக்கும் தெரியும்.

ஆனால் நான் கேட்பது வேறு. அந்தப் பொய் எண்ணையாவது இடத்தோடு பொருத்திப் பார்த்தது யார்? உதாரணத்துக்கு ஏதோ ஓர் ஊரில் 60 அடிச் சாலை. கூட்டத்துக்காக 600 அடி நீளத்துக்கு மறிக்கிறார்கள். மொத்தம் 36,000 சதுர அடி, அதாவது சுமார் 3,300 சதுர மீட்டர். தலைவரின் பிரசார வண்டி வர நடுவில் 20 அடி விட வேண்டும்; மூன்றில் ஒரு பங்கு போயிற்று. ஜெனரேட்டர், கடை வாசல் படிகள், சாக்கடை மூடி, ஓரமாக நிறுத்திய பைக்குகள் எல்லாம் போக 2,000 சதுர மீட்டர் மிஞ்சினால் பெரிது. ஒரு சதுர மீட்டருக்கு 2 பேர் நின்றால் நடமாடலாம். 4 பேர் நின்றால் தோள் உரசும். 6 பேரை நெருங்கினால் யாரும் தன் விருப்பப்படி நகர முடியாது. பின்னால் ஒருவர் தடுமாறினால் அந்த அழுத்தம் முன்வரிசை வரை போகும். கீழே விழாமலே, நின்ற நிலையிலேயே மூச்சு முட்டும். மேலே சொன்ன சாலையில் 10,000 பேர் என்று எழுதினால் அங்கேயே சதுர மீட்டருக்கு 5 பேர் ஆகிவிட்டது. அனுமதித்த எண்ணே ஆபத்தான எண். கூடுதலாக வந்தவர்கள்மேல் மட்டும் பழி போட்டு என்ன பயன்?

இந்தக் கணக்குக்குப் பெரிய படிப்பு தேவையில்லை. ஒரு டேப், இரண்டு காவலர், அரை மணி நேரம் போதும். 500 பேர் உட்காரும் சினிமா தியேட்டருக்கு 'சி' படிவ உரிமம் புதுப்பிக்க வாசல், படிக்கட்டு, இருக்கை இடைவெளி, தீயணைப்பு, மின்இணைப்பு என்று ஒவ்வொன்றையும் பார்த்துக் கையெழுத்துப் போடும் அதே அரசு, 50,000 பேர் நிற்கப்போகும் பொட்டலுக்கு ஒரு கைவரைபடம்கூட வைத்திருப்பதில்லை.

பணத்தைக் கட்டச் சொன்னால் பொறுப்பு தானாக வரும் என்பது இன்னொரு நம்பிக்கை. கரூருக்குப் பின் உயர்நீதிமன்றம் வழிகாட்டு நெறிமுறை கேட்டது. 2025 நவம்பரில் அரசு கட்சிகளோடு கலந்து பேசிய வரைவில், கூட்டத்தின் அளவுக்கேற்ப லட்சக்கணக்கில் வைப்புத்தொகை கட்டும் யோசனை இருந்தது. உடைந்த சாலைத்தடுப்புக்கும் பிடுங்கிய செடிக்கும் பணம் வசூலிப்பது நியாயம்தான். அதைக் கூட்டம் முடிந்தபின் கணக்குப் போட்டு வசூலிக்கவும் வழி உண்டு. முன்கூட்டியே கட்டச் சொன்னால் யாருக்கு வலிக்கும்? பெரிய கட்சிக்கு அது பந்தல் செலவில் ஒரு துளி. நிலுவைச் சம்பளம் கேட்டு ஊர் ஊராகத் திரண்டு வரும் அங்கன்வாடி ஊழியர்களும், மில் மூடியதைக் கண்டித்து நிற்கும் தொழிலாளர்களும் வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

இது அமெரிக்காவில் வழக்காகவே வந்திருக்கிறது. ஜார்ஜியா மாநிலத்தின் ஃபோர்சைத் கவுண்டியில், ஊர்வலம் போக நாளொன்றுக்கு ஆயிரம் டாலர் வரை கட்டணம், எவ்வளவு என்பது அதிகாரியின் இஷ்டம் என்று விதி இருந்தது. 1992இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. வழக்குப் போட்டது வெறுப்பு பேசும் ஒரு கூட்டம்; அவர்கள்மேல் யாருக்கும் அனுதாபம் இல்லை. ஆனாலும் எவ்வளவு கேட்பது என்பதை ஓர் அதிகாரியின் முகச்சுளிப்புக்கு விடக் கூடாது என்றார்கள் நீதிபதிகள். நம் உச்ச நீதிமன்றமும் 1972இல், அகமதாபாத்தைச் சேர்ந்த ஹிம்மத்லால் ஷா வழக்கில் ஏறக்குறைய இதையே சொல்லியிருக்கிறது. தெருவில் பொதுக்கூட்டம் நடப்பதை அரசு ஒழுங்குபடுத்தலாம். எந்த அளவுகோலும் சொல்லாமல் அனுமதிக்கவோ மறுக்கவோ காவல்துறைக்கு முழு அதிகாரம் தரும் விதி நிற்காது. அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. சென்னையில் 1888ஆம் ஆண்டு நகரக் காவல் சட்டத்தின் 41ஆம் பிரிவுப்படி 15 நாளுக்கு ஒருமுறை தடையாணையைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். மாவட்டங்களில் 1861ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 30ஆம் பிரிவு. இரண்டும் வெள்ளைக்காரன் கூட்டத்தைக் கண்டு பயந்த காலத்துச் சட்டங்கள். கூட்டத்துக்குள் நிற்பவனுக்காகப் பயந்து எழுதியவை என்று தோன்றவில்லை.

ஊருக்குள் வேண்டாம், ஊருக்கு வெளியே தனி இடத்தில் வைத்துக்கொள்ளட்டும் என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. 2023 செப்டம்பர் 10ஆம் தேதி சென்னைப் புறநகரில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ.ஆர். ரஹ்மானின் இசை நிகழ்ச்சி நடந்தது. தனியார் மைதானம், டிக்கெட் வாங்கிய கூட்டம். டிக்கெட் கையில் வைத்திருந்தவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். பெண்கள் கூட்டத்தில் தாங்கள் பட்ட அவமதிப்பைச் சொல்லி அழுதார்கள். முதல்வரின் வாகனமே போக்குவரத்தில் நின்றது. உயிர்ச்சேதம் இல்லாதது அதிர்ஷ்டம். வெளியூர் மைதானத்துக்கு வருவதும் போவதும் ஒரே சாலை, பெரிய மருத்துவமனையும் தூரம். இடத்தை மாற்றினால் ஆபத்தும் இடம் மாறுமே தவிர ஒழியாது.

கடைசியாக வெளிநாட்டு உதாரணம். "சிங்கப்பூரைப் பாருங்க, அனுமதி இல்லாம ஒரு ஈ பறக்காது." சரி, பார்ப்போம். அங்கே தைப்பூசக் காவடி போகும் வழியில் மேளதாளம் வாசிக்க 1973 முதல் தடை. 2016இல்தான், குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு இடம் கொடுத்தார்கள். அந்தக் கட்டுப்பாட்டுக்கும் நெரிசலுக்கும் என்ன சம்பந்தம்? தென்கொரியாவும் ஒழுங்குக்குப் பேர்போன நாடுதான். 2022 அக்டோபர் 29 இரவு சோல் நகரின் இட்டேவோனில், 4 மீட்டர்கூட அகலமில்லாத ஒரு சந்தில் 159 பேர் இறந்தார்கள். அது யாரும் 'நடத்திய' விழா இல்லை. ஏற்பாட்டாளர் என்று ஒருவர் இல்லாததால் அனுமதி கேட்கவோ பாதுகாப்புத் திட்டம் தரவோ ஆளில்லை. மாலை 6.34க்கே பொதுமக்கள் ஆபத்து என்று காவல்துறைக்குப் போன் போட ஆரம்பித்துவிட்டார்கள். அனுமதிக் கோப்பு இல்லாத கூட்டத்தைக் கவனிக்க ஆளும் இல்லாமல் போனது.

பின்பற்ற உதாரணம் வேண்டுமென்றால் சிகாகோ பூங்காக்களின் விதியைச் சொல்வேன். 50 பேருக்கு மேல் கூடினால் அனுமதி வாங்க வேண்டும். ஆனால் மறுப்பதற்கு 13 காரணங்களை மட்டும் விதியிலேயே அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். அதற்கு வெளியே ஒன்று சொல்ல முடியாது. 14 நாளில் பதில் தர வேண்டும், நீட்டித்தாலும் 28 நாளைத் தாண்டக் கூடாது. மறுத்தால் எழுத்தில் காரணம், முடிந்தவரை குறையைச் சரிசெய்யும் வழி. கஞ்சா ஆதரவுக் கூட்டம் நடத்த விரும்பியவர்கள் இந்த விதியையே எதிர்த்து வழக்குப் போட்டபோது, 2002இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக விதியின் பக்கம் நின்றது. கடுமை அங்கேயும் உண்டு. அது இரண்டு தரப்பையும் கட்டுகிறது.

நம் ஊரில் கடைசி நேரம்வரை இழுத்து, முந்தின நாள் சாயங்காலம் கையெழுத்தாகும் அனுமதியை நினைத்துப் பாருங்கள். சவுக்குக் கட்டை கட்டுகிறவன் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வந்து எங்கே கட்டுவது என்று கேட்பான். எந்த வழியை மூடுவது, எதைத் திறந்துவிடுவது என்பதை அவனும் ஒரு ஏட்டையாவும் நின்ற இடத்தில் தீர்மானிப்பார்கள். உயிர் சம்பந்தப்பட்ட முடிவு அந்த நேரத்தில், அவர்கள் தலையில் விழுகிறது.

ஏற்பாட்டாளர்களை நான் விடுவிக்கவில்லை. சொன்ன நேரத்துக்கு ஏழு மணி நேரம் தாமதமாகத் தலைவர் வருவதும், தண்ணீர் இல்லாமல் குழந்தைகளோடு மக்களை நிற்க வைப்பதும் பொறுப்பற்ற செயல். அதற்கான விசாரணை நடக்கட்டும், தண்டனை வரட்டும். ஆனால் விண்ணப்பப் படிவத்தில் மேலும் பத்து நிபந்தனை சேர்த்துவிட்டு அடுத்த கூட்டம் பத்திரம் என்று யாரும் நிம்மதியாகத் தூங்க வேண்டாம்.

உங்கள் ஊரில் வழக்கமாகக் கூட்டம் நடக்கும் ரவுண்டானாவும் மைதானமும் எதுவென்று உங்களுக்குத் தெரியும். அதன் பரப்பு எவ்வளவு, அங்கே அதிகபட்சம் எத்தனை பேர் நிற்கலாம், அதைக் கணக்கிட்ட அதிகாரி யார் என்று மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ காவல்துறைக்கோ தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். பதில் வந்தால் அந்த எண்ணை மைதான வாசலில் பலகையாக எழுதி வைக்கச் சொல்லிக் கவுன்சிலரைக் கேளுங்கள். அளந்ததே இல்லை என்று பதில் வந்தால், அடுத்த கூட்டத்துக்கு முன்னால் அளக்கச் சொல்லுங்கள், அது அரசு விழாவாக இருந்தாலும்.