பெங்களூரு வீட்டுத் தோட்டத்திற்கு ஏற்ற மூங்கில்

வீட்டு மதிலோரம் மூங்கில் நட்டுப் பசுந்திரை அமைக்கும் ஆர்வம் பெங்களூருவில் பெருகியுள்ளது. அயல்நாட்டுத் தோட்டக்கலைப் பட்டியல்களைப் பார்த்துவிட்டு, குளிர் தாங்கும் தூறு மூங்கில் வேண்டுமென நாற்றங்கால்களில் கேட்போரும் உளர். இவ்விரு அடைமொழிகளுள் பின்னது இன்றியமையாதது. முன்னது பெங்களூருவிற்குத் தேவையற்றது. சில வேளைகளில் கேடு விளைப்பதுமாகும். விவரம் கேட்டு வருவோரிடம் களப்பணியாளர் இவ்வேறுபாட்டை முதலிலேயே விளக்கிவிடுதல் நன்று. நட்டு ஐந்தாண்டு கழித்து மூங்கிலைப் பெயர்ப்பது நடுவதைப் போல் எளிதன்று.

கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் அமைந்த இந்நகரின் குளிர் புகழ்பெற்றதே. ஆயினும் இங்குப் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 1884 ஜனவரியில் இருந்த 7.8 டிகிரி சென்டிகிரேடு ஆகும். அதாவது, உறைபனி இங்குக் கண்டதில்லை. வெப்ப நாட்டு மூங்கில்களுள் எதுவும் இக்குளிரால் மடிவதில்லை. குளிர் தாங்கும் மூங்கில்கள் என மேனாட்டார் போற்றுவன பெரும்பாலும் சீனத்து மலைக்காடுகளில் வளரும் ஃபார்கேசியா இனத்தைச் சேர்ந்தவை. பாண்டா கரடிகளின் உணவாக அமைவன. அவற்றுள் சில உறைநிலைக்குக் கீழ் 25 டிகிரி வரை தாங்கவல்லன. ஆனால், அவை வேண்டுவது மூடுபனியும் ஈரமும் நிழலும் ஆகும். பெங்களூருவின் ஏப்ரல் வெயிலில் அவற்றின் இலைகள் சுருண்டு ஓரங்கள் கருகும். உதகமண்டலத்தைப் போல டிசம்பரிலும் ஜனவரியிலும் புல்மேல் உறைபனி படியும் இடங்களிலேயே குளிர் தாங்கும் பண்பைப் பற்றிப் பேசுதல் பொருந்தும். அங்கும் நீலகிரிச் சோலைக் காடுகளின் அடியில் வளரும் சிறு மூங்கிலே அவ்விடத்துக்கு உரியது. சீனத்திலிருந்து ஒன்றை வரவழைக்க வேண்டுவதில்லை.

பெங்களூருவில் மூங்கிலைச் சோதிப்பது குளிரன்று, வறட்சியே. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 970 மில்லிமீட்டர் எனினும், அதன் பெரும்பகுதி மே முதல் அக்டோபர் வரையில் பெய்து தீர்கிறது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சு மாதங்கள் அநேகமாக மழையற்றவை. 2024-ஆம் ஆண்டு மார்ச்சில் நீர்ப் பஞ்சம் முற்றியபோது, தோட்டத்திற்குக் குடிநீர் பாய்ச்சுவதை நகரக் குடிநீர் வாரியம் தடை செய்து, மீறுவோர்க்கு ரூ. 5,000 தண்டமும் விதித்தது. கோடையில் நாள்தோறும் குழாய் நீரை எதிர்பார்க்கும் செடியை இத்தகைய நகரில் பரிந்துரைப்பது பொறுப்பான செயலாகாது. உதிரும் மூங்கிலிலைகளைக் குப்பையெனக் கூட்டியெடுக்காமல் தூறின் அடியிலேயே நான்கு விரற்கடை கனத்துக்குப் பரப்பிவைத்தால் மண்ணின் ஈரம் நீடித்து நிற்கும். அவ்விலைகளில் உள்ள சிலிக்காவும் பயிருக்கே திரும்பச் சேரும். சமையலறையில் காய்கறி கழுவிய நீரே சிறு தூறுக்குப் பெருமளவு உதவும்.

தூறாக வளர்தல் என்னும் பண்பு ஏன் இன்றியமையாதது என்பதை மூங்கிலின் மட்டநிலத்தண்டைக் கொண்டு அறியலாம். ஒருவகை மூங்கிலில் இத்தண்டு குட்டையாகவும் தடித்தும் இருக்கும். அதன் நுனியே மேல்நோக்கி வளைந்து புதுக் கழியாக எழும். ஆதலின் கழிகள் நெருங்கி நின்று தூறு ஆண்டுதோறும் சிறிதளவே அகலும். மற்றொரு வகையில் அத்தண்டு மெலிந்து நீண்டு மண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். கழிகள் அதன் பக்க மொட்டுகளிலிருந்து ஆங்காங்கே கிளம்பும். முப்பதுக்கு நாற்பது அடி மனையில் இவ்விரண்டாம் வகையை நடுவோர், அண்டை வீட்டாரின் முற்றத்திலும் சேர்த்தே நடுகின்றனர் எனல் மிகையாகாது. மதில் மட்டும் அதனைத் தடுத்துவிடாது.

வணிகப் பெயர்களை நம்பி வாங்குவதில் இடர் உண்டு. தங்க மூங்கில் என்னும் ஒரே பெயரால், தூறாக வளரும் பாம்பூசா வல்காரிஸின் மஞ்சள் வகையும், ஓடிப் பரவும் ஃபிலோஸ்டாக்கிஸ் ஆரியாவும் விற்கப்படுகின்றன. (கண்ணாடிக் குவளையில் விற்கப்படும் அதிர்ஷ்ட மூங்கில் மூங்கிலே அன்று, அது டிரசீனா என்னும் வேறொரு செடி.) ஃபிலோஸ்டாக்கிஸை அறிவது கடினமன்று. அதன் கழியில் கிளை தோன்றும் கணுவுக்கு மேலே ஒரு பள்ளக்கோடு ஓடும். கணுவிற்கு இரண்டு கிளைகளே பெரும்பாலும் இருக்கும். பாம்பூசாவின் கழி உருண்டையானது. கணுவில் கிளைகள் கொத்தாகத் தோன்றும். விரலால் தடவிப் பார்த்தே பள்ளிச் சிறுவரும் இவ்வேறுபாட்டைக் கண்டுகொள்வர்.

தூறு மூங்கில்கள் எல்லாம் வீட்டுக்கு ஏற்றவை என்று கொள்ளுதலும் தவறு. காடுகளில் வளரும் பெருமூங்கில் முள் நிறைந்தது. முப்பது மீட்டர் உயரம் வரை எழக்கூடியது. கல் மூங்கில் வறட்சியை நன்கு தாங்கும். ஆயினும் கோடையில் இலையுதிர்த்துவிடுவதால் திரைக்கு உதவாது. மேற்சொன்ன மஞ்சள் மூங்கில் கண்ணுக்கு அழகியது. சிறு மனைக்கோ மிகப் பெரியது. வேலி மூங்கில் எனப்படும் பாம்பூசா மல்டிபிளெக்ஸே சிறு தோட்டத்திற்கு முதற்கண் கருதத்தக்கது. விரல் பருமனுள்ள கழிகள், அடர்ந்த சிற்றிலைகள், முள்ளின்மை, வெட்டி உருப்படுத்த இடந்தரும் இயல்பு ஆகியவை அதன் சிறப்புகள். உறைநிலைக்குக் கீழ் சில டிகிரி குளிரையும் அது தாங்கும் என்பதால், குளிர் தாங்கும் மூங்கிலே வேண்டுமென வற்புறுத்துவோரின் விருப்பமும் நிறைவேறும்! இடம் சற்று மிகுதியாக உள்ளோர், கொங்கணம், கோவா, கர்நாடகக் கரையோரப் பகுதிகளில் விளையும் டென்ட்ரோகலாமஸ் ஸ்டாக்ஸியை நடலாம். அது முள்ளற்றது; அதன் கழி உள்ளீடு நிறைந்து ஊன்றுகோலுக்கும் அறைகலனுக்கும் ஏற்றது. பெங்களூரு மல்லேசுவரத்தில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இவ்வினத்தைப் பெருக்குவது குறித்து ஆராய்ந்துள்ளது.

பூத்தலைப் பற்றி நாற்றங்கால்களில் பேசுவாரில்லை. பேசப்பட வேண்டிய செய்தி அதுவே. மூங்கில்களுள் பல, வாழ்நாளில் ஒரே முறை பூத்துக் காய்த்து மடிவன. பெருமூங்கில் பூக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகும். தூறிலிருந்து பிரித்து நட்ட கன்றுக்கு வயது புதிதாகத் தொடங்குவதில்லை. தாய்த் தூறு பூக்குங்கால் அதுவும் பூக்கும். 1907-இல் எர்னெஸ்ட் வில்சன் சீனத்து ஹூபே மாநிலத்தில் திரட்டிய ஒரு ஃபார்கேசியா, பிரித்துப் பிரித்து மேனாட்டுத் தோட்டங்கள் எங்கும் நடப்பட்டது. 1970-களின் பிற்பகுதியிலிருந்து 1990-கள் வரை அவை நாடு நாடாகப் பூத்து மடிந்தன. ஆகவே கன்று எந்தத் தூறிலிருந்து வந்தது, அத்தூறு எப்போது நடப்பட்டது என்பதைக் கேட்டுக் குறித்துவைப்பது களப்பணியாளரின் வேலைகளுள் ஒன்றாக வேண்டும். விதைக் கன்றாயின் விதைத்த ஆண்டே போதும். விற்பனைச் சீட்டில் ஒரு வரி எழுதுவது எவருக்கும் சுமையாகாது.

ஜூன் மழை தொடங்கியதும் நடுதல் நலம். மதிலிலிருந்தும் கழிவுநீர்க் குழாயிலிருந்தும் வேலி மூங்கிலுக்கு ஒரு மீட்டரேனும் இடைவெளி விட வேண்டும். பெரியவற்றிற்கு இதைப்போல் இரு மடங்கு தேவை. புதுக் கழிகள் தூறின் வெளிவட்டத்திலேயே தோன்றுவதால், மூன்று ஆண்டு கடந்த உட்கழிகளை மழை ஓய்ந்தபின் களைந்தெடுக்க வேண்டும். அழகுக்கென்று சுற்றிலும் வெட்டி நடுவை விட்டுவைப்பவர், இளங்கழிகளை இழந்து முதுகழிகளைக் காப்பவராவர்.

கழியின் வயதைக் கண்ணால் மதிப்பிடுவது பழகியவர்க்கே எளிது. பள்ளித் தோட்டத்தில் அவ்வாண்டு தோன்றிய கழிகளில் ஒரு நிறமும் மறு ஆண்டினவற்றில் வேறு நிறமும் பூசிவைத்தால் இவ்விடர் நீங்கும். ஜூலையில் முளைக்கும் குருத்தின் உயரத்தை நாள்தோறும் மாணவரைக் கொண்டு அளக்கச் செய்யலாம். குருத்து மண்ணை விட்டு எழும்போது உள்ள பருமனே கழியின் இறுதிப் பருமன் என்பதையும், அது இரண்டு மூன்று மாதங்களில் முழு உயரத்தை எட்டி அதன்பின் வளர்வதில்லை என்பதையும் அவர்கள் தங்கள் குறிப்பேட்டிலேயே காண்பர்.